பொறியியலோடு மேலாண்மையும் சேர்த்துப் படிக்கலாமா?

இரண்டாம் ஆண்டு இயந்திரப் பொறியியல் படிக்கிறீர்கள். கூடுதலாக ஓராண்டு படித்தால் வணிக மேலாண்மையிலும் ஒரு பட்டம் தருவதாக உங்கள் பல்கலைக்கழகம் சொல்கிறது. அடுத்த பருவம் தொடங்குவதற்குள் பதிவு செய்தாக வேண்டும். "வெறும் இன்ஜினியராக இருந்தால் ஓரளவுக்கு மேல் உயர முடியாது" என்கிறார்கள் வீட்டில். "இரண்டு படகில் கால் வைத்தால் இரண்டும் அரைகுறைதான்" என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். சேரலாமா, வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைத் திரும்பப் படித்தால், ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருப்பது தெரிகிறது. ஒரு பொறியாளருக்கு வணிக அறிவு தேவையா? அதற்கு ஒரு பட்டம் தேவையா? அந்தப் பட்டம் இப்போதே தேவையா? முதலாவதற்குத் தயங்காமல் ஆம் என்பேன். இரண்டாவதற்குச் சிலருக்கு ஆம். மூன்றாவதற்குப் பெரும்பாலானோர் விஷயத்தில் இல்லை என்பதே என் பதில். ஏன் அப்படி என்பதையும், எந்தச் சூழ்நிலையில் என் பதில் தலைகீழாக மாறும் என்பதையும் சொல்கிறேன்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. இயந்திரப் பொறியியல் படித்து, உற்பத்திப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து, அதன்பிறகு எம்.பி.ஏ. படித்தவன். இப்போது ஆலைகளுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. அவ்வப்போது மாணவர்களின் புராஜெக்ட்டுகளுக்கு வழிகாட்டுகிறேன். ஆகவே உற்பத்தி, கொள்முதல், பராமரிப்பு சார்ந்த வேலைகளைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். மென்பொருள் துறையையும் கட்டுமானத் துறையையும் வெளியிலிருந்து பார்த்தவன் மட்டுமே. வேலைக்குப் போய்விட்டுப் பிறகு படித்தவன் என்பதால், நான் நடந்த பாதையையே உங்களுக்கும் சிபாரிசு செய்கிறேனோ என்ற சந்தேகத்தோடு இதைப் படியுங்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது.

இரண்டையும் சேர்த்துப் படிப்பது ஏதோ புதிய மோகம் என்று உங்கள் சீனியர்கள் நினைத்தால் அது சரியில்லை. மேலாண்மை என்கிற துறையே பெரும்பாலும் பொறியாளர்கள் தொடங்கிவைத்தது. 1886இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் கூட்டத்தில் ஹென்றி டவுன் என்ற பொறியாளர், பொறியாளன் பொருளாதாரமும் அறிந்தவனாக இருக்க வேண்டும் என்று வாதிட்டு ஒரு கட்டுரை வாசித்தார். ஆலை நிர்வாகமும் இயந்திர வடிவமைப்பைப் போலவே ஆராய்ந்து பதிவு செய்யப்பட வேண்டிய துறை என்பது அவர் கட்சி. பின்னாளில் 'அறிவியல்பூர்வ மேலாண்மை' என்று பெயர்பெற்ற சிந்தனையை 1911இல் நூலாக வெளியிட்ட ஃபிரெடெரிக் டெய்லர் ஓர் இயந்திரப் பொறியாளர். அதே சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். நிர்வாகத்தின் பணிகளைத் திட்டமிடுதல், ஒழுங்கமைத்தல் என்று வகைபிரித்து 1916இல் எழுதிய ஹென்றி ஃபயோல் ஒரு சுரங்கப் பொறியாளர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) இன்று உலகப் புகழ்பெற்றிருக்கும் மேலாண்மைப் பள்ளி, 1914இல் 'பொறியியல் நிர்வாகம்' என்ற ஒரு படிப்பாகத்தான் முளைத்தது. ஜெர்மனியில் 1920களிலேயே பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியலையும் வணிகத்தையும் இணைத்த படிப்பு தொடங்கிவிட்டது. அந்தப் பட்டத்துக்கு அங்கே தனிப்பெயரும் தனி மதிப்பும் உண்டு. எனவே இரண்டும் ஒட்டாது என்ற வாதத்தைத் தூரப் போடலாம். ஒட்டும். யாருக்கு, எந்த நேரத்தில் என்பதுதான் யோசிக்க வேண்டியது.

வணிக அறிவு ஏன் தேவை என்பதைப் பொதுவாகச் சொன்னால் விளம்பரத்தாள் போலிருக்கும். ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். ஆலையில் கையால் நடக்கும் ஒரு வேலையைத் தானியங்கி இயந்திரத்துக்கு மாற்றலாம் என்று ஒரு பொறியாளர் யோசனை சொல்கிறார். இயந்திரத்தின் விலை 100 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 30 அலகு மிச்சமாகும், ஐந்தாண்டு உழைக்கும். அவர் கணக்குப்படி மூன்று ஆண்டு நான்கு மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடுகிறது, மொத்தத்தில் 50 அலகு லாபம். நிதிப்பிரிவு இதை அப்படியே ஏற்காது. இன்றைய பணமும் ஐந்தாண்டு கழித்து வரும் பணமும் ஒன்றல்ல. நிறுவனத்தின் மூலதனத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் செலவாகிறது என்றால், அந்த ஐந்து முப்பதுகளின் இன்றைய மதிப்பு 108 அலகுதான். 50 என்று நினைத்த லாபம் 8 ஆகச் சுருங்கிவிட்டது. அதுவும் இயந்திரம் முதலாண்டிலிருந்தே ஒழுங்காக ஓடினால். நிறுவிப் பழக்கப்படுத்துவதில் ஓராண்டு தாமதமாகி, மிச்சமெல்லாம் ஓராண்டு தள்ளிப்போனால், அந்த 108 ஏறக்குறைய 97 ஆகிறது. போட்டது 100. நட்டம்.

இந்தக் கணக்கில் வட்டிப் பகுதியைப் புரிந்துகொள்ள ஒரு வார இறுதி போதும். ஆனால் "இந்த இயந்திரம் முதலாண்டிலேயே ஒழுங்காக ஓடுமா?" என்ற கேள்விக்கு நிதிப்பிரிவில் இருப்பவரால் பதில் சொல்லவே முடியாது. அதற்கு அந்த இயந்திரத்தின் சென்சார் தூசியில் எப்படி நடந்துகொள்ளும், உதிரிபாகம் வர எவ்வளவு நாளாகும், நம் மூலப்பொருளின் தரம் எவ்வளவு ஏறி இறங்கும் என்றெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். முடிவைப் புரட்டிப்போடுவது பொறியாளரின் அறிவு. அதை நிதிப்பிரிவுக்குப் புரியும்படி எடுத்துவைக்க உதவுவது வணிக அறிவு.

இன்னொரு உதாரணம் கணக்கியலிலிருந்து. கணக்கியல் வகுப்பில் நான் உண்மையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்த இடம் இது. ஓர் ஆலையின் மாத நிலைச் செலவு, அதாவது எத்தனை பொருள் செய்தாலும் மாறாத வாடகை போன்ற செலவு, 1,000 அலகு. 100 பொருள் செய்து நூறையும் விற்றால், ஒவ்வொரு பொருளின் தலையிலும் 10 அலகு நிலைச் செலவு ஏறும்; மொத்தம் 1,000மும் அந்த மாத லாபத்திலிருந்து கழியும். இப்போது 200 செய்து 100 மட்டும் விற்றால்? ஒவ்வொன்றின் தலையிலும் 5 அலகுதான். விற்ற நூறோடு 500 கழியும். மீதி 500 கிடங்கில் தேங்கிய சரக்கின் மதிப்பாக இருப்புநிலைக் குறிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பொருள்கூடக் கூடுதலாக விற்கவில்லை, லாபம் மட்டும் 500 அலகு ஏறிவிட்டது. மாதக் கடைசியில் யாரும் கேட்காத பொருளை ஏன் இரவு பகலாக ஓட்டச் சொல்கிறார்கள் என்று புரியாமல் எத்தனையோ இளம் பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். மேலாளர் முட்டாள் இல்லை. அவரை எந்த அளவுகோலால் அளக்கிறார்களோ அதற்கேற்ப நடக்கிறார், அவ்வளவுதான். இது தெரிந்த பொறியாளர் கோபப்படுவதை விட்டுவிட்டு அளவுகோலைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

இவ்வளவு சொன்ன பிறகு "அப்படியானால் சேர்ந்துவிடலாமே" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

நேர்காணல்களில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உங்கள் பிரிவில் ஓர் இயந்திரம் ஒரு மணிநேரம் நின்றுபோனால் நிறுவனத்துக்கு எவ்வளவு நட்டம்?" பொறியியலும் மேலாண்மையும் ஒருசேரப் படித்து நேராக வந்த ஒருவர், இயந்திரத்தின் ஆண்டுத் தேய்மானம், மின்சாரம், ஆள் கூலி எல்லாவற்றையும் கூட்டி, ஓடும் மணிநேரத்தால் வகுத்து, அழகாக ஒரு விடை சொன்னார். வகுத்ததில் தப்பில்லை. அதே நாளில் இரண்டாண்டு பட்டறை அனுபவத்தோடு வந்த இன்னொருவர் பதில் சொல்லாமல் என்னையே திருப்பிக் கேட்டார்: "அந்த இயந்திரத்துக்கு முன்னால் சரக்கு குவிந்து கிடக்கிறதா, சார்?" கேள்வியின் உயிர்நாடி அதுதான். மொத்த ஆலையின் வேகத்தையும் அந்த ஓர் இயந்திரம்தான் தீர்மானிக்கிறது என்றால், அது நிற்கும் ஒரு மணிநேரம் ஆலையே நிற்கும் ஒரு மணிநேரம். அது ஏற்கெனவே பாதி நேரம் சும்மா இருக்கும் இயந்திரம் என்றால், நட்டம் ஏறக்குறைய பூஜ்யம். முதலாமவர் மேலாண்மை வகுப்பில் இதைப் படித்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதைப் படித்த நாளில் அவர் மனத்தில் எந்த இயந்திரமும் இல்லை, அதனால் பாடம் வந்து ஒட்டிக்கொள்ள இடமும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் என்று முன்னோர்கள் சும்மா சொல்லவில்லை.

வணிகப் பாடங்களின் இயல்பு அப்படி. அவற்றில் பெரும்பகுதி, அனுபவத்தில் ஏற்கெனவே முளைத்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. கேள்வி முளைக்காதவருக்கு அது வெறும் சொற்பட்டியலாகத் தெரியும். தேர்வில் மதிப்பெண் வாங்கலாம், அவ்வளவுதான். பொறியியலின் அடித்தளப் பாடங்கள் வேறு மாதிரி. திரவ இயக்கவியல், வெப்ப இயக்கவியல், கட்டுப்பாட்டுக் கோட்பாடு, பொருள்களின் வலிமை ஆகியவற்றை இருபது வயதில், ஆய்வகத்தோடும் ஆசிரியரோடும் உட்கார்ந்து கற்காவிட்டால், முப்பத்தைந்து வயதில் வேலை முடிந்து வந்து மாலை நேரத்தில் கற்றுக்கொள்பவரை நான் மிக அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். முப்பத்தைந்து வயதில் கணக்கியலும் நிதியும் கற்றுக்கொண்ட பொறியாளர்களோ எங்கு பார்த்தாலும் இருக்கிறார்கள். ஒன்று பிற்பாடு கைக்கு எட்டும். மற்றது பெரும்பாலும் எட்டாது. இப்போதுள்ள நேரத்தை எதற்குக் கொடுப்பது என்ற முடிவில் எனக்கு மிகப் பெரிய காரணமாகத் தெரிவது இதுதான். வணிகப் பாடம் எளிது, பொறியியல் கடினம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த இறுமாப்பு பொறியாளர்களிடம் நிறையவே உண்டு; அதை முதல் விலைப் பேச்சுவார்த்தையிலேயே இழந்துவிடுவார்கள்.

சொல்லப்போனால், வணிகத்தில் கடினமாக இருப்பது பொறியியல் பழக்கத்துக்கு நேர் எதிரானது. நீங்கள் ஒரு பாலத்தை வடிவமைத்தால், உங்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பாரம் தன் எடையை மாற்றிக்கொள்ளாது. சந்தையில் விலையைக் குறைத்தால் போட்டியாளர் அதைப் பார்த்துவிட்டுத் தானும் குறைப்பார். தரவு முழுதாக வரும்வரை காத்திருந்தால் முடிவெடுக்கும் காலமே கடந்துவிடும். இந்த நிச்சயமின்மையோடு பழகுவதற்குத்தான் நல்ல மேலாண்மைப் பள்ளிகளில் நிறுவனங்களின் உண்மைச் சூழல்களை வைத்து விவாதிக்கும் முறை இருக்கிறது. அந்த விவாதம் சூடுபிடிப்பது வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களிடம் சொல்வதற்கு ஏதாவது இருந்தால்தான். ஒருவர் வங்கியிலிருந்து, ஒருவர் மருத்துவமனையிலிருந்து, ஒருவர் ஆலையிலிருந்து வந்திருந்தால் ஒரே சம்பவத்தை மூன்று கோணத்தில் பார்க்க முடியும். எல்லோரும் இருபது வயது என்றால் எல்லோரும் ஒரே பாடப்புத்தகத்தைத்தான் ஒப்பிப்பார்கள். பல நாடுகளில் முழுநேர எம்.பி.ஏ.வுக்குச் சில ஆண்டுப் பணி அனுபவத்தை எதிர்பார்ப்பதற்கு இதுவே காரணம்.

பொறியாளர் தொப்பியும் மேலாளர் தொப்பியும் ஒரே தலையில் இருப்பதைப் பற்றிப் பேசும்போது சேலஞ்சர் விண்கலத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1986 ஜனவரி 27 இரவு, மறுநாள் காலை விண்கலத்தை ஏவுவதா என்று தொலைபேசிக் கூட்டம் நடந்தது. கடுங்குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் இறுகிப்போய் வாயுக் கசிவைத் தடுக்காமல் போகலாம் என்று, ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் எதிர்த்தார்கள். நாசா தரப்பிலிருந்து நெருக்கடி வந்தது. கொஞ்ச நேரம் தனியே கலந்துபேசியபோது, பொறியியல் பிரிவின் துணைத் தலைவராக இருந்த ராபர்ட் லண்டிடம் அவருடைய மேலதிகாரி, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி சொன்னார். அதன்பிறகு லண்ட் தன் கருத்தை மாற்றிக்கொண்டு, ஏவலாம் என்று ஒப்புக்கொண்டார். மறுநாள் 73ஆவது விநாடியில் விண்கலம் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணைக் குழுவின் அறிக்கையில் இவை பதிவாகியிருக்கின்றன.

மேலாண்மை படித்தால் மனச்சாட்சி போய்விடும் என்று காட்ட இதைச் சொல்லவில்லை. பதவி உயர உயர, பட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த இரண்டு தொப்பிகளும் உங்கள் தலைக்கு வந்தே தீரும். அந்த நேரத்தில் எந்தப் பட்டச் சான்றிதழும் துணைக்கு வராது. "இந்த வெப்பநிலையில் எங்களிடம் தரவு இல்லை, தரவு இல்லாத இடத்தில் ஏவக் கூடாது" என்று விடாமல் நிற்க, தொழில்நுட்பத்தில் கால் ஊன்றியிருக்க வேண்டும். அதையே "ஏவித் தோற்றால் வரும் இழப்போடு ஒப்பிட்டால் ஒரு வாரத் தாமதம் ஒன்றுமில்லை" என்று எதிர்த்தரப்பின் மொழியில் சொல்லவும் தெரிந்திருந்தால் இன்னும் பலம். வரிசையைக் கவனியுங்கள்: முதலாவது இல்லாமல் இரண்டாவதால் பயனில்லை.

இனி எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாக வைக்க வேண்டும், ஏனென்றால் அது பலவீனமானதல்ல. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கும் விலை உண்டு. இப்போது ஓராண்டு கூடுதலாகப் படித்தால் நீங்கள் இழப்பது ஓராண்டு ஆரம்பச் சம்பளம், அதோடு கட்டணம். முப்பது வயதில் வேலையை விட்டு இரண்டாண்டு எம்.பி.ஏ. போனால் இழப்பது அதைவிட உயர்ந்த சம்பளம், அதுவும் இரண்டு ஆண்டுக்கு. அப்போது குடும்பம், வீட்டுக் கடன், வயதான பெற்றோர் என்று பொறுப்புகள் சேர்ந்திருக்கலாம். "பிறகு" என்று தள்ளிவைத்தவர்களில் பலர் படிக்காமலே போனார்கள் என்பதும் நான் கண்ணால் கண்டது. இன்னொன்று, அறிவை நூலகத்திலும் இணையத்திலும் பெறலாம், வாசலைப் பெற முடியாது. சில ஆலோசனை நிறுவனங்களும் நிதி நிறுவனங்களும் குறிப்பிட்ட சில படிப்புகளின் வளாக நேர்காணல்களுக்கு மட்டுமே வந்து ஆள் எடுக்கின்றன. உங்கள் இணைப்புப் படிப்பு அப்படி ஒரு வாசலைத் திறக்கிறது, நீங்களும் அந்த வேலையைத்தான் விரும்புகிறீர்கள் என்றால், நான் இதுவரை சொன்னதையெல்லாம் ஒதுக்கிவிட்டுச் சேர்ந்துவிடுங்கள். குடும்பத் தொழில் ஒன்று காத்திருக்கிறது, படித்து முடித்ததும் அதில் உட்காரப் போகிறீர்கள் என்றாலும் என் பதில் மாறும். அப்படிப்பட்டவருக்குக் கேள்விகள் வீட்டிலேயே முளைத்திருக்கும்.

படிப்பின் கட்டமைப்பை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. எனக்கு வியப்பளிக்கும் விஷயம் அது. பெயரில் இரண்டு பட்டம் இருக்கலாம். ஓராண்டு கூடுதலாக வைத்து இரண்டு பட்டத்துக்கான பாடங்களை எங்கே அடக்கினார்கள்? சில இடங்களில் பொறியியல் அப்படியே இருக்கும், வணிகம் மேலே கூடும். அது கனமான படிப்பு, ஆனால் நேர்மையானது. வேறு சில இடங்களில் பொறியியலின் மூன்றாம், நான்காம் ஆண்டு விருப்பப் பாடங்களை வெட்டி அந்த இடத்தில் வணிகத்தைத் திணித்திருப்பார்கள். வெட்டப்படுவது பெரும்பாலும் நீங்கள் ஒரு துறையில் ஆழமாக இறங்கும் பாடங்கள். ஆகவே இரண்டு பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் பாடம் போகிறது என்று நீங்களே கோடு போட்டுப் பாருங்கள். அடுத்து, பொறியியல் பட்டத்தின் அங்கீகாரம். 1989இல் கையெழுத்தான வாஷிங்டன் உடன்படிக்கையில் உள்ள நாடுகள், ஒன்று அங்கீகரித்த பொறியியல் பட்டத்தை மற்றவையும் பெரும்பாலும் சமமாக ஏற்கின்றன. பல நாடுகளில் பொறியாளராகக் கையெழுத்திடும் உரிமம் பெற அங்கீகாரம் பெற்ற பட்டம்தான் நேர்வழி. தனிப் பொறியியல் பட்டத்துக்கு அங்கீகாரம் இருப்பதாலேயே இணைப்புப் பட்டத்துக்கும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கல்லூரி அலுவலகத்தில் வாய்வார்த்தையாகக் கேட்காமல், அங்கீகாரம் வழங்கும் அமைப்பின் பட்டியலில் அந்தப் படிப்பின் பெயரையே தேடிப் பாருங்கள். கட்டுமானம், மின்சாரம் போன்ற துறைகளில் இது வாழ்க்கையையே பாதிக்கும் விஷயம். உற்பத்தித் துறையில் அவ்வளவு இல்லை.

அடுத்து, சம்பளம். இணைப்புப் படிப்பு முடித்தவர்களின் சராசரிச் சம்பளம் அதிகம் என்று பல்கலைக்கழகக் கையேட்டில் போட்டிருந்தால், அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படிப்புக்குள் யார் நுழைகிறார்கள் என்று பாருங்கள். நல்ல மதிப்பெண், நன்றாகப் பேசும் திறமை, கூடுதல் ஓராண்டுக்குச் செலவழிக்க வசதி, இவை ஏற்கெனவே இருப்பவர்கள். அவர்கள் அந்தப் படிப்பைத் தொடாமலே போயிருந்தாலும் சராசரிக்கு மேல்தான் சம்பாதித்திருப்பார்கள். படிப்பால் வந்தது எவ்வளவு, ஆளால் வந்தது எவ்வளவு என்று அந்த எண்ணிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. சராசரியை விட்டுவிட்டு, எத்தனை பேர் பதில் சொன்னார்கள், நடுவில் இருப்பவரின் சம்பளம் என்ன என்று கேளுங்கள். மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள்.

"வெறும் இன்ஜினியர் ஓரளவுக்கு மேல் உயர முடியாது" என்பதில் பாதி உண்மை. சில நிறுவனங்களில் தொழில்நுட்ப நிபுணர்களுக்கென்று தனி ஏணி இருக்கிறது, அதில் மேலாளராகாமலே மேலே போகலாம். பல நிறுவனங்களில் அந்த ஏணி காகிதத்தில் மட்டும். அப்படிப்பட்ட இடங்களில் ஆட்களையும் வரவுசெலவுத் திட்டத்தையும் கையில் எடுத்தால்தான் உயர்வு. ஆனால் முதல் மேலாளர் பதவியை யாரும் பட்டத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை என்று ஆள் எடுப்பவனாக உறுதியாகச் சொல்வேன். நெருக்கடி நேரத்தில் யாரை நம்பி வேலையை விட்டோம் என்று பார்த்துத்தான் கொடுக்கிறோம். பட்டம் பயன்படுவது அதற்கு அடுத்த படிகளிலும், துறை மாறும்போதும். இருபதாண்டுக்குப் பிறகு எந்தப் பட்டத்துக்கு மவுசு இருக்கும் என்று கேட்டால், அதை நம்பிக்கையோடு சொல்கிற யாரையும் நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்து.

என் யோசனை இது. பொறியியல் பட்டத்தை வெட்டாமல் முழுதாக முடியுங்கள். அதற்குள் கிடைக்கும் விருப்பப் பாட இடங்களில் நிதிக் கணக்கியல் ஒன்று, நிறுவன நிதி ஒன்று, முடிந்தால் ஒப்பந்தச் சட்டம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நிகழ்தகவையும் புள்ளியியலையும் கடமைக்கு முடிக்காமல் ஆழமாகப் படியுங்கள். பொறியியல், வணிகம் இரண்டும் கைகுலுக்கும் இடம் அதுதான். சந்தைப்படுத்தலும் தலைமைப் பண்பும் வகுப்பில் இப்போது வேண்டாம், வேலையில் பாருங்கள். விடுமுறையில் இன்டர்ன்ஷிப் போகும்போது வடிவமைப்புப் பிரிவை மட்டும் கேட்காமல், கொள்முதல் பிரிவிலோ செலவுக் கணக்குப் பிரிவிலோ சில வாரங்கள் உட்கார அனுமதி கேளுங்கள். ஒரு போல்ட்டை ஏன் இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு விலைக்கு வாங்குகிறார்கள் என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், இருப்பு, தரம், கடன் தவணை, பேரம் என்று பாதி பாடத்திட்டம் அதிலேயே வந்துவிடும்.

வேலையில் மூன்று நான்கு ஆண்டு ஆனபிறகு, நீங்கள் பதில் தேடும் கேள்விகள் எப்படிப்பட்டவை என்று பாருங்கள். "இந்தத் திட்டத்தை எப்படிக் குறித்த நாளில் முடிப்பது, இந்தக் குழுவை எப்படி நடத்துவது" என்பவையாக இருந்தால் பொறியியல் மேலாண்மையில் முதுநிலைப் படிப்பு போதும். அது தொழில்நுட்பத்திலிருந்து உங்களைப் பிரிக்காது. "இந்த நிறுவனம் ஏன் இந்தச் சந்தையில் இருக்கிறது, இந்தப் பணத்தை ஏன் இங்கே போடுகிறோம்" என்பவையாக இருந்தால் எம்.பி.ஏ. படியுங்கள். அப்படிக் கேள்வி எதுவுமே இல்லை, சம்பளம் மட்டும் போதவில்லை என்றால், முதலில் வேறு வேலை தேடுங்கள், அது மலிவு. வேலையை விடாமல் பகுதிநேரமாகப் படிக்கும் வழியும் இருக்கிறது. அதில் சகமாணவர்களோடு உறவு குறையும், வளாக நேர்காணல் என்ற வாசல் பெரும்பாலும் இருக்காது, ஆனால் காலையில் ஆலையில் பார்த்ததை மாலையில் வகுப்பில் கேட்கலாம்.

பதிவுக்கு முன்பு ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். அந்த இணைப்புப் படிப்பை முடித்து ஐந்தாறு ஆண்டு ஆனவர்களில் இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள். கல்லூரி தேர்ந்தெடுத்துக் காட்டுபவர்கள் வேண்டாம், நீங்களாகத் தேடியவர்கள். "படிப்பு நன்றாக இருந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். "இந்த மாதம் வேலையில் அந்தப் படிப்பிலிருந்து எதைப் பயன்படுத்தினீர்கள்? எந்தப் பொறியியல் பாடத்தைப் படிக்காமல் விட்டோமே என்று வருந்தினீர்கள்? உங்கள் முதல் வேலைக்கு அந்த இரண்டாவது பட்டத்தை யாராவது பார்த்தார்களா?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலும் நான் சொன்னதும் முரண்பட்டால் அவர்களையே நம்புங்கள். அவர்கள் படித்தது உங்கள் கல்லூரியில், நான் படித்தது வேறெங்கோ. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இதன் கீழே எழுதினால், பாடத்திட்ட ஒப்பீட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்து, என் கருத்தை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றிச் சொல்கிறேன்.